விருந்தாளி வியந்த பொருட்கள்

உலக மல்யுத்தச் சாம்பியன்ஷிப் எங்கள் நாட்டில் நடக்கும் என்று முடிவானதும் அரசாங்கம் செய்த முதல் காரியம், நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று அறிவித்ததுதான். காலைச் செய்தியில் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் எல்லா ஊழியர்களும் மகிழ்ந்து முடித்திருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் பல்வலி. அவர் சாயங்காலம் வரை அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

நான் வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பாளன். பெயர் தாலாய். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் சொன்னதை மட்டும் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் நாட்டில் இதைவிடப் பத்திரமான வேலை கிடையாது. உலக மல்யுத்தச் சம்மேளனத்தின் பெரிய மனிதர் திரு. டுவால் பத்து நாள் வந்து தங்கப்போகிறார் என்றதும், என்னை அவரோடு ஒட்டவைத்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் பொறுப்பு விருந்தினர் நலத் துணை அமைச்சர் ஷைலோபெக். எங்கள் மொழியில் ஷைலோ என்றால் தேர்தல். தேர்தல் நாளில் பிறந்தவர் என்பதால் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்கும் தேர்தலுக்கும் எந்தச் சம்பந்தமும் ஏற்படவில்லை. பத்திரிகைக்காரர் கூட்டத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண், "உங்கள் நாட்டில் அரசியல் கைதிகள் உண்டா?" என்று கேட்டாள். ஷைலோபெக் வாய்விட்டுச் சிரித்தார்.

"அம்மா, எங்க நாட்டுல அரசியலே கிடையாது. அதை ஒழிச்சு பத்தொன்பது வருஷம் ஆச்சு. அரசியலே இல்லாத ஊர்ல அரசியல் கைதி எங்கேருந்து வருவான்? உள்ள இருக்கிறவன் எல்லாம் சும்மா கைதிதான்."

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். ஷைலோபெக்குக்கு மிகவும் திருப்தி.

சும்மா கைதிகளில் ஒருவன் குபாத். போன வருடம் வரை எங்கள் மல்யுத்த அரங்கின் ஒலிபெருக்கிக் குரல் அவன்தான். எங்கள் நாட்டை ஆளும் பெருந்தலைவரின் தங்கை மகன் ஒரு போட்டியில் இறங்கினான். முதல் நிமிடத்திலேயே அவன் முதுகு மெத்தையில் பட்டது. குபாத் வழக்கம்போல "முதுகு பட்டது! தோற்றார்!" என்று மைக்கில் சொல்லிவிட்டான். வழக்கு நடந்தது. முதுகு மெத்தையில் படவில்லை, மெத்தைதான் எழும்பி முதுகைத் தொட்டது என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். பொய்த் தகவல் பரப்பியதற்காக நான்கு வருடம், எட்டாம் நம்பர் கொட்டடியில்.

அவனுடைய அக்கா ஜிபார்குல், அரசு விருந்தினர் மாளிகையில் சமையல்காரி. மாதம் ஒருமுறை மலைப்பாதையில் பஸ் ஏறிப் போய் கொட்டடி வாசலில் கம்பளிக் காலுறையும் காய்ந்த இறைச்சியும் கொடுத்துவிட்டு வருவாள். பதினான்கு மாதத்தில் ஒருமுறைகூட அவனைப் பார்க்க விடவில்லை. உள்ளே இருமுகிறான் என்று மட்டும் ஒரு காவலாளி சொல்லியிருந்தான். வரப்போவது மலைக் குளிர்காலம். அந்த இருமலோடு அவன் வசந்தத்தைப் பார்க்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விருந்தாளி ஒரு பொருளைப் பார்த்து வியந்தால், "பிடிச்சிருந்தா உங்களுக்கே" என்று சொல்லி அதை அவருக்கே கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது. அதனால் நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் எதையுமே பாராட்டமாட்டோம். புதுக் கம்பளம் விரித்திருந்தால் ஜன்னலைப் பார்த்துப் பேசுவோம். பிறந்த குழந்தையைக் காட்டினால், "ம், இருக்கட்டும்" என்போம். இத்தனை நூற்றாண்டு இந்த வழக்கம் யாரையும் ஓட்டாண்டி ஆக்காமல் இருந்ததற்கு எங்களுடைய இந்த வாயடக்கம்தான் காரணம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

திரு. டுவால் விமானத்திலிருந்து இறங்கினார். வரவேற்க நின்ற வெள்ளைக் குதிரையைத் தட்டிக்கொடுத்து, "என்ன அழகான குதிரை!" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஷைலோபெக்கின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "பிடிச்சிருந்தா உங்களுக்கே" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். டுவால் இரண்டு முறை, இல்லை இல்லை, என்றார். மூன்றாவது முறை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் ஷைலோபெக்கின் நரித்தோல் தொப்பியைப் பார்த்து, "மிருதுவாக இருக்கிறதே" என்றார். அமைச்சர் வெறுந்தலையோடு ஊருக்குள் வந்தார். அவர் தலை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

டுவால் முட்டாள் இல்லை. இரண்டாம் நாள் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் வியந்தார். இன்னும் இரண்டு குதிரைகளை வியந்தார், கம்பளத்தை வியந்தார், வெள்ளிச் சாட்டையை வியந்தார், அருங்காட்சியகத்தில் நுழைந்து ஒரே மூச்சில் பதினேழு பொருட்களை வியந்தார். காவலாளி அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தான். சம்மேளனத்தின் நன்னெறி விதிப்படி நினைவுப்பொருள் அளவுக்குத்தான் பரிசு வாங்கலாமாம். அதற்கும் ஒரு குழு போட்டோம். அந்தக் குழு வெள்ளைக் குதிரையைப் பார்வையிட்டு, "வயதையும் முன்கோபத்தையும் உத்தேசித்து, நினைவுப்பொருள்" என்று சான்றிதழ் கொடுத்தது.

அவருடைய கார் போகும் தெருக்களில் சன்னல் திரைகளை மூடச் சொன்னார்கள். நகைக்கடைக்காரர்கள் பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்தார்கள். ஷைலோபெக்கின் வீட்டு விருந்தில் குளிர்சாதனப் பெட்டிமேல் போர்வை போட்டு அதன்மேல் அவருடைய மாமியாரை உட்கார வைத்திருந்தார்கள். டுவால் மாமியாரை மட்டும் பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்தார்.

அன்றைக்கு மாளிகைச் சமையலறையில் ஜிபார்குல் பவுர்சாக் பொரித்துக்கொண்டிருந்தாள். மாவுத் துண்டுகள் எண்ணெயில் உப்பி வருவதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தாலாய் தம்பி, ஒரு சந்தேகம். அந்த ஆளு ஒரு மனுஷனைப் பாத்து வியந்தா?"

"என்னக்கா சொல்றே?"

"மனுஷனைக் குடுப்பாங்களா?"

"நம்ம ஊர்ல மனுஷனைப் பாராட்டினவன் இதுவரைக்கும் எவனும் இல்லக்கா. அதனால சட்டம் என்னன்னு தெரியாது."

"தெரியாதுன்னா, முடியாதுன்னு இல்லையே" என்றாள். கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்தாள்.

அவளுக்குச் சாதகமாக ஒன்று இருந்தது. குபாத்தின் இடத்துக்குப் புதிதாக வந்த அறிவிப்பாளன், முன்னவனுக்கு நேர்ந்ததைப் பார்த்துப் பயந்தவன். யாரையும் தோற்றதாகச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. "இருவரும் வென்றார்கள். நீலச் சட்டைக்காரர் சற்று அதிகமாக வென்றார்" என்பான். சந்தேகமாக இருந்தால், "இன்றைய வெற்றி பெருந்தலைவருக்கே" என்று சொல்லி மைக்கை அணைத்துவிடுவான். டுவால் வாலிபத்தில் மல்யுத்தம் செய்தவர். குதிரை, கம்பளம் எல்லாம் கிடைத்தும், இந்த ஒன்று அவரைத் தின்றுகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் மாலைத் தேநீருக்கு அவர் எரிச்சலோடு வந்து உட்கார்ந்தார். ஷைலோபெக்கும் இருந்தார், இரவல் தொப்பியோடு. ஜிபார்குல் கிண்ணங்களை வைத்துவிட்டுப் போகாமல், தன் கைப்பேசியை மேசைமேல் வைத்து அழுத்தினாள்.

குபாத்தின் குரல் வந்தது. ஏதோ பழைய போட்டி. இடுப்புப்பட்டையைப் பிடிக்கும் பிடி, தோளில் தூக்குவது, கால் தடுக்குவது, ஒவ்வொன்றையும் அந்தக் குரல் கூடவே எழும்பி, கூடவே சுழன்று சொல்லியது. மொழி தெரியாத டுவாலுக்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "முதுகு பட்டது!" என்று குரல் முழங்கியபோது தன்னையறியாமல் கையால் மேசையில் அடித்தார். ஜிபார்குல் அவரைப் பார்க்கவில்லை. பதினான்கு மாதமாகப் பார்க்காத தம்பியின் குரலைக் கேட்டு, தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"யார் இவன்?" என்றார் டுவால். "பிரமாதமான ஆள்! இப்படி ஒருவன் எங்களுக்குக் கிடைத்தால்!"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஜிபார்குல் நிமிர்ந்தாள். "பிடிச்சிருந்தா உங்களுக்கே" என்றாள்.

ஷைலோபெக்கின் தொண்டையில் பவுர்சாக் அடைத்துக்கொண்டது. நான்தான் முதுகில் தட்டினேன்.

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? அவன் என்ன சாட்டையா, சமோவாரா? வழக்கம் பொருளுக்குத்தான். மனுஷனுக்குக் கிடையாது."

"ஐயா, நான் படிக்காதவ. பெருந்தலைவர் எழுதின புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

பெருந்தலைவர் எழுதிய 'விருந்தோம்பும் இதயம்' எங்கள் பள்ளிகளில் பாடம், ஓட்டுநர் உரிமத் தேர்வில் கேள்வி, கல்யாணத்தில் சீர். நாற்பத்தோராம் பக்கத்தில், "விருந்தாளி வியந்ததை மறுக்கும் கை என் மக்களின் கை அல்ல. இதற்கு விலக்கு இல்லை" என்று இருக்கிறது. ஷைலோபெக்குக்கு அது மனப்பாடம். மனுஷனுக்கு விலக்கு உண்டு என்று அவர் எழுதிக் கொடுத்தால் பெருந்தலைவரைத் திருத்தியதாகும். திருத்தியவர்கள் இருக்குமிடம் எட்டாம் நம்பர்.

கோப்பு மேலே போனது. ஒவ்வொரு மேசையிலும் நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, மேல் மேசைக்குத் தள்ளினார்கள். பெருந்தலைவர் அதைக் குதிரைப் பட்டியலோடு சேர்த்து, "கொடுக்கவும்" என்று கையெழுத்திட்டார்.

குபாத்தைக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, மார்பில் குறுக்காகச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தான். சான்றிதழ்க் குழு அவனைச் சுற்றிவந்து எழுதியதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "ஆண் ஒன்று. பயன்படுத்தப்பட்டது. குரல் நல்ல நிலையில். பற்கள் இரண்டு குறைவு. அரசுப் பராமரிப்பில் இருந்தபோது ஏற்பட்ட இயற்கைத் தேய்மானம். நினைவுப்பொருள்." இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக என் நாக்கு மொழிபெயர்க்க மறுத்தது. தண்ணீர் குடித்துவிட்டு மொழிபெயர்த்தேன். இன்றைக்கும் அந்தக் காகிதத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டுவால் அவனைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்.

"ஒருவேளை இவர் கைதியோ? எங்கள் சம்மேளனம் எந்த நாட்டின் அரசியலிலும் தலையிடுவதில்லை."

"ஐயையோ, அரசியலே இல்ல சார். இது வெறும் பரிசு" என்றார் ஷைலோபெக்.

"பரிசு என்றால், கம்பளங்களோடு கப்பலில் அனுப்பிவிடுங்கள்."

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது. அதை நான் சொன்னதும் டுவால் யோசித்தார். குதிரைகளுக்கே விமானத்தில் இடம் போதவில்லை என்றார். ஆளை இங்கேயே விட்டுவிட்டுப் போவதாகவும், மனதளவில் பெற்றுக்கொண்டதாகவும் சொன்னார்.

ஷைலோபெக்குக்குப் போன உயிர் வந்தது. சமையலறை வாசலுக்கு வந்து, "கேட்டியாம்மா? அவரு எடுத்துட்டுப் போகலேன்னா, பரிசுப் பொருள் இருந்த இடத்துக்கே திரும்பணும். அதான் முறை. நிறைவு விழா முடியட்டும், வண்டி தயாரா இருக்கு" என்றார். கோபமே இல்லாமல், சாமான் ஒதுங்கவைக்கும் குரலில் சொன்னார்.

குபாத்துக்கு மாளிகையின் பண்டக அறையில் கட்டில் போட்டிருந்தார்கள், சுருட்டிய கம்பளங்களுக்கு நடுவே. ஜிபார்குல் நான்கு நாளும் அவனுக்கு ஆட்டுக்கறிச் சாறு கொடுத்தாள். அவன் ஒருமுறை கேட்டான்.

"அக்கா, என்னை எடுத்துப்பானா?"

"எடுத்துப்பான்டா. சாட்டையை எடுத்தவன் உன்னை எடுக்கமாட்டானா?"

"சாட்டை இருமாதுக்கா."

அவள் சிரித்தாள். வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள்.

நிறைவு விழாவில் டுவால் பேச வேண்டிய பேச்சை எங்கள் அமைச்சகமே எழுதிக் கொடுக்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஷைலோபெக் தன் கையாலேயே எழுதினார். மொழிபெயர்க்க என்னிடம் தந்தார். கடைசிப் பத்தியைப் படித்ததும் எனக்கு வியர்த்தது. பெருந்தலைவரைப் புகழ்ந்து புகழ்ந்தே பழகிய கை அது. புகழப்போவது விருந்தாளி என்பது அந்தக் கைக்கு மறந்துபோயிருந்தது.

"இதுல ஏதாவது திருத்தம் இருக்கா?" என்று கேட்டார்.

"நான் மொழிபெயர்ப்பாளன் மட்டும்தான் ஐயா" என்றேன்.

அரங்கில் பன்னிரண்டாயிரம் பேர். அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுவந்து உட்காரவைத்தவர்கள். எட்டு மாதமாக ஒரே குரலில் கத்தப் பயிற்சி பெற்றவர்கள். நடுவில் தங்க நாற்காலியில் பெருந்தலைவர். குபாத், மற்ற பரிசுகளோடு மேடையோரம், நாடாவோடு.

டுவால் வீரர்களுக்கு நன்றி சொன்னார், மெத்தைகளுக்கு நன்றி சொன்னார். பிறகு கடைசிப் பத்தியைப் படித்தார். நான் ஒலிபெருக்கியில் எங்கள் மொழியில் சொன்னேன்.

"நான் எத்தனையோ நாடுகளைப் பார்த்திருக்கிறேன். இவரைப் போன்ற ஓர் அற்புதமான தலைவரை எங்குமே கண்டதில்லை. என்ன ஞானம்! என்ன கம்பீரம்! எங்களுக்கு இப்படி ஒருவர் கிடைத்திருக்கக் கூடாதா!"

கைதட்ட வேண்டிய இடம். யாரும் தட்டவில்லை. பன்னிரண்டாயிரம் பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், விருந்தாளி இப்படிச் சொன்னால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று.

தேநீர்த் தட்டோடு படிக்கட்டில் நின்ற ஜிபார்குல்தான் முதலில் சொன்னாள்.

"பிடிச்சிருந்தா உங்களுக்கே!"

முனிசிபல் ஊழியர் வரிசையில் யாரோ சொன்னார்கள். தபால்காரர்கள் சொன்னார்கள். ஆசிரியைகள் எழுந்து நின்றே சொன்னார்கள். பிறகு எட்டு மாதப் பயிற்சி வேலை செய்தது. "பிடிச்சிருந்தா உங்களுக்கே! பிடிச்சிருந்தா உங்களுக்கே!" கூரை அதிர்ந்தது. அப்படியொரு உற்சாகத்தை ஒத்திகையில் ஒருநாளும் பார்த்ததில்லை. பெருந்தலைவருக்குக் காது சற்று மந்தம். வாழ்த்துகிறார்கள் என்று எண்ணிக் கையசைத்தார். கூட்டம் அதையே விடைபெறுவதாக எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தியது.

ஷைலோபெக் மேடைமேல் ஓடிவந்தார். தொப்பி எங்கோ விழுந்துவிட்டது. மனுஷனுக்கு வழக்கம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. பெருந்தலைவரின் கையெழுத்தோடு ஒரு மனுஷன் ஏற்கெனவே நாடா கட்டி நிற்கிறான். அமைச்சர் ஐந்து விநாடி கண்ணை மூடி நின்றார். பிறகு மைக்கைப் பிடுங்கினார்.

"நம்ம முன்னோர் வகுத்த முறை இது! ஒரு விருந்தாளிக்கு ஒரு ஆள்தான்! இவருக்கு ஏற்கெனவே ஒரு ஆளைக் குடுத்தாச்சு!"

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?" என்று மேல் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அடுத்த பதிப்புல வருது!"

அப்புறம் அவர் டுவாலிடம் திரும்பி, கையைக் கூப்பாத குறையாகக் கெஞ்சினார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"சார், தயவுசெஞ்சு குபாத்தை எடுத்துக்குங்க. இப்பவே. பாஸ்போர்ட் நான் தர்றேன், டிக்கெட் நான் தர்றேன், உங்க தூதரகத்துல நானே போய்த் தரையில உக்காந்து விசா வாங்கித் தர்றேன். குபாத்தை எடுத்துக்குங்க."

டுவால் பத்து நாளில் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டிருந்தார். உடனே சரி என்று சொல்லவில்லை. குபாத்தைப் பார்த்தார். தங்க நாற்காலியைப் பார்த்தார். இரண்டையும் ஒப்பிடுவதுபோலத் தாடையைத் தடவினார். பன்னிரண்டாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இவனே போதும்" என்றார் கடைசியில்.

கூட்டத்தில் எழுந்த ஏமாற்றப் பெருமூச்சை விழாவுக்கு வந்திருந்த இரண்டு வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளும், விழா முடிந்துவிட்டதே என்ற மக்களின் ஏக்கம் என்று வர்ணித்தன.

மூன்று மணி நேரத்தில் பாஸ்போர்ட் வந்தது. எனக்கு ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு இரண்டு வருடம் ஆனது என்பதை இங்கே சும்மா குறித்துவைக்கிறேன். விமான நிலையத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஜிபார்குல் அவன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"நீயும் வாயேன்க்கா."

"ஒரு விருந்தாளிக்கு ஒரு ஆள்தான்டா. நம்ம அமைச்சர் சொல்லிட்டாரே. நீ போ. டாக்டரைப் பாரு. நெஞ்சுல சளியோட மைக்கைத் தொடாதே."

அவன் போனான். அவள் விமானம் மறையும்வரை நின்று பார்த்தாள். அழுதது நான்தான். அதை ஒளிக்கப் போவதில்லை.

இப்போது குபாத் ஏதோ ஒரு தேசத்தில் நெஞ்சு குணமாகி, தோற்றவனைத் தோற்றான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இங்கே அடுத்த பதிப்பு அச்சாகிவிட்டது. நாற்பத்தோராம் பக்கத்தில், "ஒரு விருந்தாளிக்கு ஓர் ஆள்" என்று சேர்த்துவிட்டார்கள். பெருந்தலைவர் எழுதியது, இனி யாராலும் திருத்த முடியாது.

போன வாரம் ஜிபார்குல் ஒரு மனுவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அடுத்த போட்டியையும் எங்கள் நாட்டிலேயே நடத்த வேண்டும், சம்மேளனத்திலிருந்து இம்முறை நூற்று நாற்பது விருந்தாளிகள் வர வேண்டும் என்று பன்னிரண்டாயிரம் பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மக்களின் ஆர்வத்தைப் பார்த்து அமைச்சகம் மகிழ்ந்து முத்திரை குத்திவிட்டது. நான் மொழிபெயர்த்து அனுப்பினேன்.

நேற்று டுவாலிடமிருந்து பதில் வந்தது. எட்டாம் நம்பரில் நூற்று முப்பத்தொன்பது பேர்தான் இருப்பதாகக் குபாத் சொல்கிறான், மீதி ஒருவர் எதற்கு என்று கேட்டிருக்கிறார். அதை மொழிபெயர்க்கும்போது, எதிர்ச்சுவரில் தொங்கும் பெருந்தலைவரின் படத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.